பெரணிக்குள் போன துப்பாக்கி

துப்பாக்கி தொலைந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. பொம்மைத் துப்பாக்கிதான். சுட்டால் மிளகைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் குண்டு ஒன்று வரும். பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் இசோசாக்கியால் அதை மறக்க முடியவில்லை. தொலைத்தவர் அவர் இல்லை. துப்பாக்கியும் அவருடையது இல்லை, கூட்டாளி குராமோச்சியுடையது. அதற்குப் பெயிண்ட் அடித்தவர் மட்டும்தான் அவர். பழி என்னவோ அவர் தலையில்தான் விழுந்தது.

அக்டோபர் நடுவில் நெகிஷியம்மாவிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. சிபா நகருக்குத் தெற்கே, குன்றுகளுக்கு நடுவில், அவர்கள் குடும்பத்துக்கு ஒரு காடு உண்டு. ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் இசோசாக்கியும் கூட்டாளிகளும் அங்கே கூடி ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவார்கள். 'அவர் போன பிறகு என் ஒருத்தியால் காட்டைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. விற்றுவிட்டேன். நவம்பர் ஆறாம் தேதி மரம் வெட்ட வருகிறார்கள். அப்புறம் காடு முழுக்கச் சூரிய மின்தகடு போடப்போகிறார்களாம். ஐந்தாம் தேதி ஞாயிறு, கடைசி ஆட்டம். பழைய ஆட்கள் எல்லோரும் வாருங்கள். சூப் உண்டு' என்று எழுதியிருந்தார். அட்டையின் அடியில் இடமில்லாத இடத்தில் இன்னொரு வரி: 'தேட வேண்டியது ஏதாவது இருந்தால் தேடிக்கொள்ளுங்கள்.'

அந்த வரியை இசோசாக்கி நாலைந்து முறை படித்தார். மனைவி மசாயோ அட்டையை வாங்கி ஒரே முறை படித்தாள்.

"போயிட்டு வாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தத் துப்பாக்கி எனக்குச் சக்களத்தி மாதிரி இருக்கு. கெடச்சா எனக்கும் நிம்மதி."

"கெடைக்காட்டித் திங்கக்கிழமை எல்லாத்தையும் வழிச்சுத் தள்ளிடுவானுங்க."

"முட்டி வலின்னு ரெண்டு மாடி ஏற மாட்டேங்கிறீங்க. காட்டுல தவழப் போறீங்களாக்கும்."

"தவழ மாட்டேன். குனிஞ்சு தேடுவேன்."

"கெடச்சா என்ன செய்வீங்க?"

"நேரா குராமோச்சி வீட்டுக்குப் போவேன். அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'பார்றா, பெயிண்ட் அடிச்சவன் எடுக்கலை'ன்னு சொல்லுவேன்."

"சொல்லிட்டு?"

அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தார், அதற்குப் பின்னால் வாழ்க்கை உண்டு என்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

*

அப்போது அவனுக்கு முப்பது வயது. முப்பது வயதுக்காரனுக்கு 'அவர்' எல்லாம் என்ன வேண்டிக்கிடக்கிறது, அவன் என்றே சொல்லலாம். இசோசாக்கி பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிற வேலை பார்த்தான். பெயர்ந்து விழுந்த சுவர்ச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்று கேட்டால், பத்தே நிமிஷத்தில் அச்சு அசலாகக் கலந்து கொடுத்துவிடுவான். அந்தக் கண்ணை அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குக் கொண்டுவந்தான்.

கடையில் வாங்குகிற துப்பாக்கி கன்னங்கரேலென்று இருக்கும். காட்டில் கறுப்பு என்று ஒரு நிறமே கிடையாது என்பது இசோசாக்கியின் கட்சி. ஆள் உடம்பெல்லாம் பச்சைச் சட்டை போட்டு இலையோடு இலையாகப் படுத்திருப்பான், கையில் மட்டும் கரிக்கட்டை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அம்பது அடி தள்ளி இருக்கிறவன் அதைப் பார்த்தே சுட்டுவிடுவான். அதனால் நெகிஷிக் காட்டுக்காரர்கள் புதுத் துப்பாக்கி வாங்கினால் முதலில் கொண்டுபோவது இசோசாக்கியிடம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அவனுக்குத் தெரியும் என்று பேர்.

குராமோச்சி சரக்கு வண்டி ஓட்டினான். பெரிய உடம்பு, பெரிய குரல், ஒளியத் தெரியாது. முந்தின குளிர்கால போனஸையும் அந்தக் கோடை போனஸையும் சேர்த்து வைத்து, பேட்டரியில் ஓடுகிற நீளத் துப்பாக்கி ஒன்று வாங்கினான். தொண்ணூற்றைந்து அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பெட்டியைக் கூடப் பிரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இசோசாக்கியின் குடியிருப்புக்கு வந்தான்.

"இவளை நல்லா ஜோடிச்சு விடுடா."

"ஜோடிக்கிறதுன்னா எல்லாரும் பாப்பாங்க. நான் செஞ்சா யாருக்கும் தெரியாது."

"அதான்டா வேணும். பொண்டாட்டி கண்ணுக்கே தெரியக்கூடாது."

காலையிலேயே காட்டுக்குப் போய், பெரணியும் மூங்கில்புல்லும் ஒரு பை நிறையப் பறித்து வந்திருந்தான் இசோசாக்கி. எந்தக் காட்டில் ஆடப்போகிறோமோ அந்தக் காட்டின் இலைதான் அவனுக்கு ஆகும். பூங்காவில் பறித்த இலையை வைத்து அடித்தால் துப்பாக்கி பூங்கா மாதிரிதான் இருக்கும் என்பான். பாத்திரம் கழுவுகிற சோப்பால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தான். குறி பார்க்கிற துளை, குண்டு போகிற வாய், திருகாணிகள் எல்லாவற்றையும் காகித ஒட்டுப்பட்டையால் மூடினான். கயிற்றில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் துணி காய்கிற கம்பியில் தொங்கவிட்டான். பீய்ச்சுகிற பெயிண்ட் டப்பாவை எடுத்தான், முதலில் இளம்பச்சை. காய்ந்ததும் மேலே பெரணி இலைகளை ஒட்டிக் கரும்பச்சை அடித்தான். அதன் மேல் மூங்கில்புல்லை வைத்து மண் நிறம், தூரத்திலிருந்து, மூச்சு விடுகிற மாதிரி லேசாக. குராமோச்சி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கடையில் வாங்கிய சோற்றுப் பெட்டியைத் தின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோளில் வைக்கிற கட்டைப் பகுதிக்கு வரும்போது மூங்கில்புல் தீர்ந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மொட்டையாக நின்றது. இசோசாக்கி சுற்றும்முற்றும் பார்த்தான். குராமோச்சியின் சோற்றுப் பெட்டியில் மீனையும் ஊறுகாயையும் பிரிப்பதற்கு வைத்திருந்த பச்சைப் பிளாஸ்டிக் புல் கண்ணில் பட்டது. ரம்பம் மாதிரி முனை முனையாக வெட்டியிருக்குமே, அதுதான். எடுத்துக் கழுவித் துடைத்து, மொட்டை இடத்தில் வைத்து அடித்துவிட்டான்.

"எதிரி பார்த்துட்டு, எவனோ சோத்துப் பொட்டிய மறந்துட்டுப் போயிட்டான்னு நெனப்பான்டா," என்றான் குராமோச்சி.

"நெனைக்கட்டும். எடுத்துத் திங்க வருவான். சுடு."

குராமோச்சி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த சோறு சிதறி, காயாத பெயிண்டில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. ஊசியால் அதை எடுத்தான் இசோசாக்கி, எடுத்த இடத்தில் கடுகளவு பள்ளம் விழுந்துவிட்டது. சாயங்காலம் இலைகளையெல்லாம் உரித்தபோது இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்கள். கம்பியில் துப்பாக்கி இல்லை, காட்டில் ஒரு துண்டு தொங்கியது. அவன் கை செய்ததிலேயே உசத்தி அதுதான். அதற்கப்புறம் அவன் எதற்குமே பெயிண்ட் அடித்து அப்படி சந்தோஷப்பட்டதில்லை.

இரண்டே வாரம்தான் இருந்தது அது.

இந்த ஆட்டத்துக்கு ஒரு தர்மம் உண்டு. அந்தச் சின்னக் குண்டு பட்டதா இல்லையா என்பது சுட்டவனுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது, பட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். பட்டவன் தானே கையைத் தூக்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி 'ஹிட்' என்று கத்திக்கொண்டு, கூடாரம் இருக்கும் இடத்துக்கு நடந்துவிட வேண்டும். கை தூக்கியவனை யாரும் சுடக்கூடாது, கோபமாக ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. பட்டும் சொல்லாமல் ஆடுகிறவனை ஜாம்பி என்பார்கள், செத்தும் சாகாமல் திரிகிறவன் என்று அர்த்தம். அந்தக் காட்டில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. இன்னொரு வழக்கம் நெகிஷியம்மா ஏற்படுத்தியது: செத்தவர்களுக்குத்தான் முதல் சூப். உயிரோடு இருக்கிறவர்கள் ஆறின சூப் குடிக்க வேண்டியதுதான்.

அது தொலைந்த அன்றைக்கு ஆட்டத்தின் நடுவில் குராமோச்சிக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. துப்பாக்கியைப் பெரணிப் புதரில் சாய்த்து வைத்துவிட்டு நாலு எட்டு தள்ளிப் போனான். அந்த நேரம் பார்த்து எதிரணி ஆள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான். முதுகில் ஏழெட்டுக் குண்டு. ஹிட் ஹிட் என்று கத்திக்கொண்டு கூடாரத்துக்கு வந்து சேர்ந்தான். காடே சிரித்தது. ஆட்டம் முடிந்து துப்பாக்கியை எடுக்கப் போனால், காணோம்.

இருபது பேர் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நடந்து தேடினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். எந்தப் பெரணி என்று குராமோச்சிக்கே தெரியவில்லை, குன்று முழுக்கப் பெரணி. வெளிச்சம் மங்குகிற வரைக்கும் தேடியும் அகப்படவில்லை. அப்போது இசோசாக்கி ஒரு காரியம் செய்தான். புதர்களைப் பார்த்து லேசாகச் சிரித்தான். இருபது பேர் கண்ணையும் கட்டிவிட்டோமே என்று, தன் கைவேலையை நினைத்து, ஒரு நொடி. ஒரு நொடிதான்.

குராமோச்சி அதைப் பார்த்துவிட்டான்.

"மத்தவன் கண்ணுக்குத் தெரியாது, சரி. பெயிண்ட் அடிச்சவன் கண்ணுக்குமா தெரியாமப் போகும்?" என்று கேட்டான். அந்தப் பெரிய குரலில், இருபது பேர் முன்னால்.

ஆளாளுக்குத் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். இசோசாக்கி எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை தலை குனிந்து வணங்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்புறம் அந்தக் காட்டுப் பக்கம் போகவில்லை. எங்கேயும் ஆடப் போகவில்லை.

*

ஐந்தாம் தேதி வானம் வெளுத்துக் கிடந்தது. பழைய ஆட்கள் எட்டு பேர் வந்திருந்தார்கள், மிச்சமெல்லாம் இளவட்டங்கள். நெகிஷியம்மா கூடாரத்தில் பன்றிக்கறியும் முள்ளங்கியும் போட்டு பெரிய அண்டாவில் சூப் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. இசோசாக்கியைக் கண்டதும் கரண்டியை ஆட்டினார்.

"வாப்பா இசோ. வயித்த எங்க மறைச்சு வைக்கிறது? அதுக்கு எத்தனை டப்பா பெயிண்ட் ஆகும்?"

"நீங்க அப்படியே இருக்கீங்க, நெகிஷியம்மா."

"பொய்யக் கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல. உன் கூட்டாளி அதோ இருக்கான் பார்."

அண்டாவுக்கு அந்தப் பக்கம் குராமோச்சி நின்றிருந்தார். முடியெல்லாம் போய்விட்டது, உடம்பு மட்டும் அதே உடம்பு. தோளில் நீளமான கறுப்புப் பை. கண்ணும் கண்ணும் சந்தித்தன. இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் வணங்குகிற அளவுக்கு, அளந்து வைத்தது போலத் தலையைக் குனிந்தார்கள். 'வந்துட்டியா, வா, இன்னிக்கு எடுத்துக் காட்டறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் இசோசாக்கி.

சிவப்புப் பட்டை கட்டியவர்கள் ஓர் அணி, மஞ்சள் மற்றொன்று. இசோசாக்கிக்குச் சிவப்பு கிடைத்தது. ஊதல் ஊதியதும் அவர் எதிரியைத் தேடவில்லை, நேராகப் பெரணிச் சரிவுக்குப் போனார். இரவல் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, புதர் புதராக விலக்கிப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் யாரோ ஒரு பொடியன் அவர் பின்பக்கத்திலேயே சுட்டான். கையைத் தூக்கி ஹிட் சொல்லிப் போய்ச் சூப் குடித்தார். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை.

"அந்தத் தாத்தா என்ன தேடறாரு? பல்செட்டா?" என்று கூடாரத்தில் ஒருவன் கேட்டது காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டார்.

மதியத்துக்கு முன்னால் கடைசி ஆட்டம் என்றார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். இப்போது இசோசாக்கி குனியவில்லை, நிஜமாகவே தவழ்ந்தார். முட்டி கழன்று விழுகிற மாதிரி வலித்தது. மண்ணைக் கையால் கிளறினார். துருப்பிடித்த டப்பா ஒன்றும், பிளாஸ்டிக் குண்டுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்தன. நாளைக்கு இந்த இடமே இருக்காது. பெயிண்ட் அடித்தவனே திருடன் என்ற பேர் மட்டும் தகடுகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கும்.

"அங்க இல்லடா."

நிமிர்ந்தார். பத்தடி தள்ளி, மார்பு உயரப் பெரணிக்கு நடுவில் குராமோச்சி நின்றிருந்தார். தோளில் மஞ்சள் பட்டை. இரண்டு கைகளையும் எதையோ ஏந்தியிருக்கிற மாதிரி முன்னால் வைத்திருந்தார், ஆனால் கையில் ஒன்றும் இல்லை. இசோசாக்கி முதுகிலிருந்த துப்பாக்கியை எடுத்து நீட்டினார்.

"இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

குராமோச்சி ஓர் அடி முன்னால் வந்தார். அப்போது அவர் கைகளுக்கு நடுவில் பெரணி இலைகள் ஒரு சேர நகர்ந்தன. கட்டைப் பகுதியில் ரம்பம் மாதிரி முனை முனையாக ஒரு பச்சை. பக்கத்தில் கடுகளவு பள்ளம். அதைப் பார்த்த பிறகுதான் இசோசாக்கிக்கு மிச்சத் துப்பாக்கியே தெரிந்தது. அவர் அடித்த பெயிண்ட் அவரையே ஏமாற்றிவிட்டது.

குராமோச்சி வலது கையைத் தூக்கினார்.

"ஹிட்," என்றார்.

"நான் இன்னும் சுடவே இல்ல."

"தொண்ணூத்தாறு ஜனவரியிலயே பட்டுருச்சுடா. நான்தான் சொல்லல."

தூக்கிய கையை இறக்காமலே பேசினார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ, பெரணியைத் தாண்டி வெளியே கேட்காது போல இருந்தது.

"மனசு கேக்காம அந்த ஜனவரியில தனியா வந்தேன். பனி விழுந்து பெரணியெல்லாம் பழுத்துச் சாஞ்சு கெடந்துச்சு. காடே பழுப்பு. இது மட்டும் பச்சையா நின்னுச்சு. நீ அக்டோபருக்குத்தானே அடிச்ச. ஜனவரியில அரை மைல்லேர்ந்து தெரிஞ்சுதுடா. நான் வெச்ச எடத்துலயே இருந்துச்சு. யாரும் தொடல."

நீட்டிய துப்பாக்கியை இசோசாக்கி இறக்கவில்லை.

"அன்னிக்கே உன் வீட்டுக்கு வந்தேன். கீழ நின்னு பார்த்தேன். உன் வேலைச் சட்டை காஞ்சுக்கிட்டிருந்துச்சு. கையெல்லாம் பச்சைக் கறை. அதைப் பார்த்ததும் கால் வரல. இருபது பேர் முன்னாடி சொன்னதுக்கு, ஒருத்தன் முன்னாடி வந்து இல்லைன்னா சரியாயிடுமா? இருபது பேரையும் கூட்டிச் சொல்லணும்னு நெனச்சேன். கூட்டறேன் கூட்டறேன்னு வருஷம் ஓடிப் போச்சு. படுக்கைய மடிச்சு வெக்கிற அலமாரிக்குள்ள வெச்சிருந்தேன். பொண்ணு கேட்டா, சிநேகிதனோடதுன்னு சொல்லுவேன்."

கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. இந்த மனுஷன் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு தன்னை நெய்க்கு அலையவிட்டிருக்கிறான், இன்றைக்குக் காலையிலிருந்து நாய் மாதிரி நாலு காலில் தவழவிட்டிருக்கிறான். முழுப் பூசணிக்காயை இவனல்லவா இத்தனை வருஷம் சோற்றில் மறைத்திருக்கிறான். தீட்டித் தீட்டி வைத்திருந்த அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதிரே நிற்கிறவனின் கை மேலே இருந்தது. கை தூக்கியவனைச் சுடக்கூடாது. ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசக்கூடாது. இருபத்தெட்டு வருஷம் ஆடாமல் இருந்தாலும் உடம்பு அதை மறக்கவில்லை. துப்பாக்கியை இறக்கினார்.

மூக்கு எரிந்தது. குண்டு படாமலிருக்கப் போட்ட கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தால் துடைக்கவும் முடியாது, ஆட்டம் நடக்கிற இடத்தில் அதைக் கழற்றவே கூடாது.

"அன்னிக்கு நான் சிரிச்சேன்," என்றார் இசோசாக்கி.

"பார்த்தேன்."

"உன் ரெண்டு போனஸும் போச்சேன்னு தோணல எனக்கு. நம்ம வேலை எப்படி நிக்குது பாருன்னு தோணுச்சு. அதுக்குத்தான் சிரிச்சேன். அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. மசாயோகிட்ட கூட."

சொல்லிவிட்டு அவரும் வலது கையைத் தூக்கினார்.

"ஹிட்."

குராமோச்சி அவரையே பார்த்தார். பிறகு ஒரு கையால் துப்பாக்கியைத் தலைக்கு மேல் எல்லோரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"முணுமுணுக்காத. எட்டுப் பேராவது வந்திருக்கானுங்க. கேக்கற மாதிரி சொல்லு," என்றார் இசோசாக்கி.

குராமோச்சி சொன்னார். பழைய குரல் அது. மரத்திலிருந்த காக்காய்கள் கிளம்பின. சரிவு நெடுக ஹிட் ஹிட் என்று கத்திக்கொண்டே இறங்கினார், பின்னாலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கியபடி இசோசாக்கி இறங்கினார். ஒளிந்திருந்த இளவட்டங்கள் சுடுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். கூடாரத்தருகே பழைய ஆட்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். தலைக்கு மேல் இருப்பது என்னவென்று அவர்களுக்குப் புரிந்தது, ஒருவரும் இந்த முறை காலணியைப் பார்க்கவில்லை.

நெகிஷியம்மா துப்பாக்கியைப் பார்த்தார், இரண்டு பேர் கைகளையும் பார்த்தார்.

"யார் யாரைச் சுட்டீங்க?"

"அவன் என்னை, நான் அவனை," என்றார் இசோசாக்கி.

"ரெண்டு பேரும் செத்தாச்சா?"

"ஆச்சு, நெகிஷியம்மா."

"ரொம்ப லேட்டாத்தான் செத்தீங்க," என்று சொல்லி அவர் கிண்ணங்களை எடுத்தார். "கையை இறக்குங்க. சூப் சூடா இருக்கு."